வெற்றிடம் எடுக்காத துகள்

(கோவையில் வார்ப்பாலைத் தொழிலர்களும் பொறியியல் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்பாக்கத்து 500 மெகாவாட் அதிவேக ஈனுலைக்கான எரிபொருள் குழாயின் அளவுகளைச் சொல்லித் தொடங்குகிறேன். வெளி விட்டம் 6.6 மில்லிமீட்டர். சுவரின் தடிமன் 0.45 மில்லிமீட்டர். ஒரு கட்டுக்கு 217 குழாய்கள், அப்படி 181 கட்டுகள். பெருக்கிப் பார்த்தால் முப்பத்தொன்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. குழாய்க்கு உள்ளே புளூட்டோனியம் கலந்த எரிபொருள். வெளியே உருகிய சோடியம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எஃகுச் சுவர். அந்தச் சுவருக்குள் 50 மைக்ரான் பருமனில் ஒரு மாசுத் துகள் உட்கார்ந்திருந்தால், சுவரின் ஒன்பதில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். முப்பத்தொன்பதாயிரம் குழாய்களில் ஒன்றில்கூட அப்படி நேரக் கூடாது.

இந்தக் குழாய்க்கான எஃகை டி9 என்பார்கள். குரோமியம் 15 சதவீதம், நிக்கல் 15 சதவீதம், கொஞ்சம் மாலிப்டினம், கால் சதவீத அளவில் டைட்டானியம். இதைத் திறந்த உலையில் உருக்குவதில்லை. வெற்றிடத்தில் உருக்கி, வெற்றிடத்தில் மறுபடி உருக்குகிறார்கள். இதைச் சொன்னதும் மாணவர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி இது: காற்றே இல்லாத இடத்தில் இரண்டு முறை உருக்கிய எஃகில் ஆக்சைடு ஏது, நைட்ரைடு ஏது? நியாயமான கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் அதற்கான பதில்தான்.

மாசுத் துகள் என்றதும் வெளியிலிருந்து விழுந்த தூசு என்றே நமக்குத் தோன்றுகிறது. அப்படி விழுவதும் உண்டு. உலையின் காரை பெயர்ந்து விழும், கசடு கலக்கும், வார்ப்பு அச்சின் மணல் சேரும். ஆனால் நல்ல எஃகில் இருக்கும் துகள்களில் பெரும்பாலானவை உருகிய உலோகத்துக்குள்ளேயே பிறந்தவை. 1,600 டிகிரி செல்சியஸில் உருகிய இரும்பு 0.23 சதவீதம் வரை ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதுவே இறுகிவிட்டால் அந்த ஆக்சிஜனுக்கு அங்கே இடமே கிடையாது. இறுகும்போது கரியோடு சேர்ந்து குமிழாகக் கொப்பளிக்கும், வார்ப்பு ஓட்டை ஓட்டையாகிவிடும். இதைத் தடுக்க நாம் அலுமினியத்தைப் போடுகிறோம். அலுமினியம் ஆக்சிஜனைப் பிடித்து அலுமினாவாகிறது. குமிழ்த் தொல்லை தீர்ந்தது. பதிலுக்குத் துகள் வந்து சேர்ந்தது. எஃகை நாம் சுத்தம் செய்த வேலையின் மிச்சம்தான் அந்த அலுமினா.

எவ்வளவு மிச்சம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் எஃகில் ஆக்சிஜன் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல எஃகு அது. அரை நூற்றாண்டுக்கு முன்பு பால்பேரிங் எஃகில் 30 பிபிஎம் இருந்தாலே திருப்திப்பட்டார்கள். 10 பிபிஎம் என்றால் டன்னுக்கு 10 கிராம் ஆக்சிஜன். அது முழுவதும் அலுமினாவானால் 21 கிராம். ஒரு டன்னில் 21 கிராம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். அந்த 21 கிராமை 10 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைகளாகப் பிரித்துப் பாருங்கள்: ஏறத்தாழ ஆயிரம் கோடி உருண்டைகள். எடையாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, எண்ணிக்கையாகப் பார்த்தால் ஒரு பெருங்கூட்டம். இந்தத் துறையில் எடையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் ஏமாந்துபோவது இங்கேதான்.

அலுமினா எஃகைவிட எடை குறைந்தது. உருகிய எஃகின் அடர்த்தி 7 என்றால் அலுமினாவுக்கு 4. எனவே மிதந்து மேலே வந்துவிடாதா? வரும். எப்போது வரும் என்பதில்தான் சிக்கல். ஸ்டோக்ஸ் விதியை வைத்துக் கணக்கிட்டால், 100 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வர ஆறு நிமிடம் போதும். 10 மைக்ரான் துகளுக்குப் பத்து மணி நேரம் ஆகும். விட்டம் பத்தில் ஒன்றாகும்போது வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. பத்து மணி நேரம் எந்த உலையும் கலங்காமல் நிற்காது. தூண்டல் உலையில் மின்காந்தமே உலோகத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆகவே பெரியவை போய்விடும், சிறியவை தங்கிவிடும். சிறியவை ஒன்றோடொன்று மோதி ஒட்டிக் கொத்தாகச் சேர்ந்தால் மட்டும் மேலே வர வாய்ப்புண்டு. அந்தக் கொத்து மேலே வருவதற்கு முன் வார்ப்பில் போய்விட்டால் நிலைமை முன்பைவிட மோசம்.

இனி வெற்றிடத்துக்கு வருவோம். வெற்றிட உலை நிஜமாகவே என்ன செய்கிறது?

வாயுக்களை எடுக்கிறது. அதில் அது கெட்டிக்காரன். ஹைட்ரஜன் எஃகில் கரையும் அளவு, மேலே உள்ள அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தத்தை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்தால் கரையும் அளவு முப்பதில் ஒன்றுக்கும் கீழே போகிறது. ஒரு வளிமண்டலத்தில் 25 பிபிஎம் வரை தங்கக்கூடிய ஹைட்ரஜன், ஒரு மில்லிபாரில் ஒரு பிபிஎம்முக்கும் கீழே வந்துவிடுகிறது. இதன் அருமை 1954இல் அமெரிக்காவுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு அரிசோனாவிலும், சிகாகோ அருகே ரிட்ஜ்லாண்ட் மின்நிலையத்திலும் ராட்சத ரோட்டர்கள் சுழலும்போதே வெடித்துச் சிதறின. பெரிய வார்ப்புகளுக்குள் ஹைட்ரஜனால் உண்டாகும் உள்வெடிப்புகள் மேல் எல்லோருடைய கவனமும் திரும்பியது. அதன் பின் பெரிய ரோட்டர் எஃகை வெற்றிடத்தில் ஊற்றுவது வழக்கமாயிற்று. ஜெர்மனியின் போகும், டார்ட்முண்ட் வட்டாரத்து ஆலைகள் இதில் முன்னோடிகள்.

அடுத்து ஆக்சிஜன். வெற்றிடம் இதை நேராக எடுப்பதில்லை. எஃகில் இருக்கும் கரியை வேலை வாங்கி எடுக்கிறது. கரியும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு. அது வாயு. வாயு பிறக்கும் எந்த வினையும் மேலே அழுத்தம் குறையக் குறைய வேகமாக முன்னே போகும். கோலி சோடாவின் கோலியைத் தட்டியதும் பொங்குகிறதே, அது போலத்தான். வெறும் இரும்பில் கரி 0.04 சதவீதம் இருந்தால், வளிமண்டல அழுத்தத்தில் அதோடு சமநிலையில் நிற்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 600 பிபிஎம். அழுத்தத்தை நூறில் ஒன்றாக்கினால் 6 பிபிஎம். அலுமினியம் வேண்டாம், அலுமினா பிறக்கவும் வேண்டாம். ஆக்சிஜன் வாயுவாகிப் பம்பு வழியே வெளியே போய்விடும், மிச்சமே இல்லை. உலோகவியலில் இதைவிட அழகான வினையை நான் அறியேன்.

காகிதத்தில் அழகானது உலைக்குள் எப்படி இருக்கிறது? உருகிய எஃகு கனமானது. ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு அது நின்றால், அதன் சொந்த எடையே ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். மேலே என்ன வெற்றிடம் இருந்தாலும், ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ள எஃகு முக்கால் வளிமண்டலத்துக்குச் சற்றுக் குறைவான அழுத்தத்தில்தான் நிற்கிறது. அளவுமானி காட்டும் வெற்றிடம் எஃகின் மேல்தோலுக்கு மட்டுமே உரியது. அதனால்தான் கலக்கம் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு துளியும் ஒருமுறையாவது மேலே வந்து முகம் காட்ட வேண்டும். நல்ல உருக்காளர் சுமையை அவசரமாக உருக்க மாட்டார். மெதுவாக உருக்கி, உருகும்போதே வாயுவை விடவைப்பார். எட்டிப் பார்க்கும் கண்ணாடி வழியே கொதிப்பு அடங்குவதைக் கண்ணால் பார்த்துத்தான் அடுத்த கட்டத்துக்குப் போவார்.

அடுத்து வருவது பேசப்படாத பங்காளி: மூசை.

எஃகு வெற்றிடத்தில் தொங்குவதில்லை. ஒரு பாத்திரத்தில் இருக்கிறது. அந்தப் பாத்திரம் பெரும்பாலும் மக்னீசியா, அலுமினா அல்லது இரண்டும் கலந்த ஸ்பினல். இவையும் ஆக்சைடுகள்தான். காற்று உலையில் மக்னீசியா மிக உறுதியான பொருள். வெற்றிடத்தில் கதை மாறுகிறது. எஃகில் உள்ள கரி மக்னீசியாவைத் தாக்கினால் பிறப்பவை இரண்டு: மக்னீசியம் ஆவி, கார்பன் மோனாக்சைடு. இரண்டுமே வாயு. ஆக்சிஜனை விரட்ட எந்த வெற்றிடத்தை ஏவினோமோ, அதே வெற்றிடம் இந்த வினையையும் முன்னே தள்ளுகிறது. உருகிய எஃகு ஒரு பக்கம் ஆக்சிஜனை வெளியே விட்டுக்கொண்டே, மறுபக்கம் பாத்திரத்திலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

இதனால் ஒரு விந்தை நடக்கிறது. வெற்றிடத்தில் பிடித்துவைத்த எஃகின் ஆக்சிஜன் அளவை நேரத்துக்கு எதிராக வரைந்தால், முதலில் சரசரவென்று இறங்கும், ஓர் இடத்தில் அடியைத் தொடும், பின்பு மெல்ல ஏறத் தொடங்கும். அந்த அடிப்புள்ளியைத் தாண்டி உலையை வைத்திருப்பவர் எஃகைச் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு அழுக்காக்குகிறார். இன்னும் அரை மணி நேரம் வைத்தால் இன்னும் சுத்தமாகும் என்ற நம்பிக்கை நம் ஆலைகளில் பரவலாக உண்டு. வெற்றிட உருக்கில் அது தவறு. அடிப்புள்ளி எங்கே என்பது மூசையின் பொருள், அதன் வயது, வெப்பநிலை, கரியின் அளவு எல்லாவற்றையும் பொறுத்தது. வெப்பத்தை 50 டிகிரி கூட்டினால் பாத்திரம் பல மடங்கு வேகமாகக் கரையலாம். எனவே தேவைக்கு மேல் சூடேற்றுவதும், தேவைக்கு மேல் வைத்திருப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு வடிவங்கள்.

மூசையைக் குற்றவாளியாக மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. தூண்டல் உலையில் மின்காந்த விசை உலோகத்தை நடுநோக்கி அழுத்துகிறது. மின்சாரம் பாயாத ஆக்சைடுத் துகள்மேல் அந்த விசை செயல்படாது. ஆகையால் துகள் எதிர்ப்பக்கமாக, சுவரை நோக்கித் தள்ளப்படுகிறது. சுவரை அடைந்தது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். உருக்கு முடிந்த மூசையின் சுவரில் படிந்திருக்கும் பொருக்கில், எஃகிலிருந்து இப்படி வெளியேறிய துகள்களும் இருக்கின்றன. அடுத்த உருக்கின்போது அந்தப் பொருக்கு பெயர்ந்து விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு உலோகத்தை உருக்கிய மூசையில் வேறொன்றை உருக்கும் முன், கழுவும் உருக்கு ஒன்று போடுவது இதற்காகத்தான். சிக்கனம் கருதி முதலில் வெட்டப்படுவதும் அந்தக் கழுவும் உருக்குதான்.

டி9 எஃகுக்குத் திரும்புவோம். அதன் சிக்கல் ஆக்சிஜனைவிட நைட்ரஜன். டைட்டானியத்தை அதில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஈனுலைக்குள் நியூட்ரான் மழையில் எஃகு உப்பிப் பெருக்கும். டைட்டானியம் கரியோடு சேர்ந்து மிக நுண்ணிய கார்பைடுகளை உண்டாக்கி அந்த உப்பலைத் தள்ளிப்போடுகிறது. ஆனால் டைட்டானியத்துக்குக் கரியைவிட நைட்ரஜன்மேல் பற்று அதிகம். எஃகில் நைட்ரஜன் மிஞ்சியிருந்தால், இறுகத் தொடங்கும் முன்னரே, திரவமாக இருக்கும்போதே, டைட்டானியம் நைட்ரைடு படிகமாகப் பிறந்துவிடும். அது 2,900 டிகிரிக்கு மேல் உருகும் பொருள். நுண்ணோக்கியில் பார்த்தால் பொன்னிறத்தில், கூர் முனைகளோடு, சதுரம் சதுரமாக மின்னும். பார்க்க அழகு. எஃகுக்குள் இருக்கும் துகள்களில் மிகக் கொடியவற்றில் அது ஒன்று. உருண்டைத் துகளைச் சுற்றி அழுத்தம் ஓரளவு பரவிப்போகும். கூர்முனையில் அப்படியே குவியும். நல்ல வேலைக்கென்று போட்ட டைட்டானியம் வீணானதோடு நில்லாமல், கெட்ட வேலையும் செய்யத் தொடங்கிவிடுகிறது.

இங்கே வெற்றிடம் கைகொடுக்காதா? கொடுக்கும், ஆனால் தயங்கித் தயங்கி. குரோமியம் நைட்ரஜனைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளது. 15 சதவீதம் குரோமியம் உள்ள எஃகிலிருந்து நைட்ரஜனை வெளியேற்றுவது, வெறும் இரும்பிலிருந்து வெளியேற்றுவதைவிடக் கடினம். போதாக்குறைக்கு ஃபெரோகுரோமே நைட்ரஜனைச் சுமந்து வருகிறது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் இரும்பு, நிக்கல், குரோமியம், கூடவே கொஞ்சம் கரி. கரிக்கொதிப்பு ஓடட்டும். அந்தக் குமிழ்கள் நைட்ரஜனையும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகும். இரண்டும் போதிய அளவு இறங்கிய பிறகே அலுமினியமும் டைட்டானியமும். மாங்கனீசு வெற்றிடத்தில் ஆவியாகிவிடும். எனவே அதைப் போடும் முன் ஆர்கான் வாயுவை நிரப்பி அழுத்தத்தை ஏற்ற வேண்டும். இந்த வரிசையைக் குலைத்து டைட்டானியத்தை அரைமணி முன்னால் போட்டவருக்கு, அதற்குப் பின் எந்தப் பம்பு வைத்தாலும் பயனில்லை. வாயுவாக இருந்த நைட்ரஜனைத் தன் கையாலேயே துகளாக்கிவிட்டார்.

நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதற்குள் இருக்கிறது. வெற்றிடம் வாயுவை எடுக்கும், துகளை எடுக்காது. அலுமினா 2,050 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். 1,600 டிகிரியில் அது ஆவியாகப் போவதில்லை. கொள்கையளவில் கரி அதைச் சிறிது சிறிதாக உடைக்கலாம், ஆனால் ஆலையின் நேரக் கணக்கில் அது நடக்காது. துகள் பிறப்பதற்கு முன்பு வெற்றிடத்துக்கு நிறைய அதிகாரம் உண்டு. பிறந்த பிறகு அநேகமாக எதுவுமே இல்லை. கந்தகமும் அப்படித்தான். வெற்றிடத் தூண்டல் உலையில் வழக்கமாகக் கசடு வைப்பதில்லை. கசடு இல்லாவிட்டால் கந்தகம் போக வழி குறைவு. சுமையோடு உள்ளே போன கந்தகம் மாங்கனீசு சல்ஃபைடாக உள்ளேயே தங்கிவிடும். ஈயம், பிஸ்மத் ஆவியாகும். செம்பும் வெள்ளீயமும் அவ்வளவு எளிதில் போகா. வெற்றிட உலையில் என்ன போடுகிறோம் என்பது திறந்த உலையைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். பழைய வார்ப்பின் வாய்க்கால் துண்டுகளை அப்படியே திரும்பப் போடும் பழக்கம் நுண்வார்ப்பு ஆலைகளில் இருக்கிறது. அந்தத் துண்டுகளில் ஒட்டியிருக்கும் செராமிக் ஓடு, ஊதிச் சுத்தம் செய்யும்போது குத்தி நிற்கும் அலுமினாப் பொடி எல்லாம் நேரே உருக்குக்குள் போகின்றன. விலையுயர்ந்த பம்பு அவற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும்.

இந்த உலைகளின் வரலாற்றை ஓரிரு வார்த்தையில் சொல்லிக் கடந்துபோகிறேன். துகளைப் பிரிக்க உருக்குவது என்பது பழைய யோசனை. தென்னிந்திய மூசை உருக்கு உலகெங்கும் பேர்வாங்கியதற்கு, முழுவதும் உருகியதால் கசடு பிரிந்துபோனதும் ஒரு காரணம். 1740களில் ஷெஃபீல்டு அருகே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், தன் சுருள்வில்களுக்கு நல்ல எஃகு வேண்டி மூசையில் உருக்கத் தொடங்கினார். வெற்றிட உருக்கு முதல் உலகப் போர்க் காலத்தில், ஜெர்மனியின் ஹனாவ் நகரில் ஹெரேயுஸ் நிறுவனத்தில் வில்ஹெல்ம் ரோன் நிக்கல் கலவைகளை வைத்துத் தொடங்கிய வேலை. 1950களில் ஜெட் இன்ஜின் வந்த பிறகுதான் அது தொழிலாக வளர்ந்தது.

ஜெட் இன்ஜின்தான் இரண்டாவது உருக்கையும் கட்டாயமாக்கியது. முதல் உருக்கில் வார்த்த கம்பத்தை மின்முனையாகத் தொங்கவிட்டு, வெற்றிடத்தில் மின்வில் ஏற்றி, துளித் துளியாக உருக்கி, நீரால் குளிர்விக்கும் செம்பு அச்சில் இறுகவிடுவார்கள். செராமிக் மூசையே இல்லை. எனவே பாத்திரத்திலிருந்து புதிதாக மாசு வர வழியில்லை. மேலே எப்போதும் ஆழமில்லாத ஒரு உருகிய குளம், கீழே மெதுவாக இறுகிவரும் உலோகம். துகள்கள் குளத்தின் மேல்பரப்புக்கு வந்து, ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, விளிம்பில் படியும். தூய்மை இப்படிக் கிடைக்கிறது. ஆபத்தும் அதே விளிம்பில் இருக்கிறது. அங்கே சேர்ந்த பொருக்கு ஒரு கணம் பெயர்ந்து குளத்துக்குள் விழுந்து, உருகும் முன் இறுகிப்போனால், துகள்கூட்டத்தோடு ஒரு வெண்புள்ளி உள்ளே புதைந்துவிடும்.

2016 அக்டோபர் 28 அன்று சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் போயிங் 767 ஒன்று புறப்பட ஓடும்போது அதன் டர்பைன் தட்டு உடைந்து பறந்தது. ஒரு துண்டு தொலைவில் இருந்த சரக்குக் கிடங்கின் கூரையைத் துளைத்து உள்ளே விழுந்தது. விமானத்தில் இருந்த 170 பேரும் உயிர் தப்பினார்கள். நிக்கல் கலவைத் தட்டின் உள்ளே, பெரும்பாலும் துகள் நிறைந்த இப்படியொரு வெண்புள்ளியிலிருந்துதான் விரிசல் தொடங்கியிருக்கிறது என்பது விசாரணையின் முடிவு.

அதைவிடக் கொடியது 1989 ஜூலை 19. யுனைடெட் விமான நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம், டிசி-10. நடு இன்ஜினின் முன்விசிறித் தட்டு வானத்தில் வெடித்தது. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்தன. இறக்கையையும் வாலையும் அசைக்க வழியில்லாமல், மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மட்டுமே கேப்டன் ஆல் ஹேன்ஸும் சக விமானிகளும் அயோவா மாநிலத்து சூ சிட்டி வரை அதைக் கொண்டுவந்தார்கள். 296 பேரில் 112 பேர் இறந்தனர், 184 பேர் பிழைத்தனர். உடைந்த தட்டு மூன்று மாதங்கள் கழித்துச் சோள வயலில் அறுவடையின்போது கிடைத்தது. அது எஃகு அல்ல, டைட்டானியக் கலவை. ஆனால் நம் பாடத்துக்கு நேரே பொருந்துவது. அந்தத் தட்டுக்கான இங்காட்டை 1971இல் வெற்றிட மின்வில்லில் இரண்டு முறை உருக்கியிருந்தார்கள். உருக்கும் முன்பே எங்கோ நைட்ரஜன் ஏறிக் கடினமாகிப்போன ஒரு சிறு கட்டி, சுற்றியிருந்த டைட்டானியத்தைவிட அதிக வெப்பத்தில் உருகும் கட்டி, இரண்டு உருக்கிலும் கரையாமல் தப்பித்தது. தட்டு செய்தபோது நடந்த சோதனைகளிலும் தப்பித்தது. பதினேழு ஆண்டுகளுக்கு மேல், பதினைந்தாயிரம் பறப்புகளுக்கு மேல், அதிலிருந்து விரிசல் மயிரிழை மயிரிழையாக வளர்ந்தது.

இந்தத் துறையார் அதற்கு என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரே முறையை மூன்றாவது தடவையும் செய்வது ஒரு பதில். அதை 1970களிலேயே தொடங்கியிருந்தார்கள். மேலான பதில் பின்னால் வந்தது: உலோகத்தை எலக்ட்ரான் கற்றையாலோ பிளாஸ்மாவாலோ உருக்கி, குளிர்ந்த செம்பு அடுப்பில் கிடையாக ஓடவிடுவது. கனமான கட்டிகள் அடியில் தங்கி அங்கேயே சிக்கிக்கொள்ளும். மற்றவற்றுக்குக் கரைய நேரம் கிடைக்கும். வெற்றிடத்தின் தரத்தைக் கூட்டி அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. துகளுக்கு ஒரு பொறியும் போதிய நேரமும் வைத்துச் சாதித்தார்கள். எஃகிலும் அதே பாதைதான். ஊற்றும் வாய்க்காலில் தடுப்புகள், நுரை போன்ற செராமிக் வடிகட்டி, இடையிலே கசடின் வழியாக ஓர் உருக்கு.

இனி சோதனை. உங்கள் கைக்கு வரும் சான்றிதழில் துகள்களை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்து மதிப்பெண் போட்டிருப்பார்கள். சல்ஃபைடு, அலுமினா, சிலிகேட், உருண்டை ஆக்சைடு. 1930களில் ஸ்வீடனில் உருவான படவரிசையின் வழிவந்தது இது. மெருகேற்றிய 160 சதுர மில்லிமீட்டர் பரப்பை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பத்து மைக்ரான் துகளைத் தேடும்போது, அந்தப் பரப்பு காட்டுவது ஏறத்தாழ பன்னிரண்டரை மில்லிகிராம் எஃகை. ஒரு டன்னில் அது எட்டுக் கோடியில் ஒரு பங்கு. சராசரியை அறிய இது போதும். உடைப்பதோ சராசரித் துகள் இல்லை, இருப்பதிலேயே பெரிய துகள்.

இதை எண்ணாக்கிக் காட்டியவர் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுகிடாகா முராகாமி. கடினமான எஃகு களைத்து உடையும் வலிமையை, அதன் கடினத்தையும் துகளின் குறுக்குப்பரப்பின் வர்க்கமூலத்தையும் மட்டும் வைத்து மதிப்பிடும் ஒரு சூத்திரத்தைத் தந்தார். விக்கர்ஸ் கடினம் 700 உள்ள எஃகில் துகளே இல்லாவிட்டால் 1,120 மெகாபாஸ்கல் தாங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அந்த வர்க்கமூல அளவு 20 மைக்ரான் உள்ள துகள் இருந்தால் அது சுமார் 780 ஆகிறது. 50 மைக்ரான் என்றால் 670. விலை கொடுத்து வாங்கிய வலிமையில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரே ஒரு துகள் தின்றுவிடுகிறது. அடுத்து அவர் செய்ததுதான் இன்னும் பெரிய உதவி. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைக் கணிக்கும் அதே உச்ச மதிப்புப் புள்ளியியலை வைத்து, சிறு மாதிரிகளில் கண்ட பெரிய துகள்களிலிருந்து, மொத்த எஃகிலும் இருக்கக்கூடிய மிகப் பெரிய துகளின் அளவைக் கணிக்க வழி சொன்னார்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு சிறு துண்டை எலக்ட்ரான் கற்றையால் வெற்றிடத்தில் பொத்தான் அளவுக்கு உருக்கினால், துகள்கள் மேலே மிதந்து நடுவில் திட்டாகச் சேர்ந்து நிற்கும். பெரும் பரப்பில் சிதறிக் கிடந்தவை ஒரே இடத்தில் கையும் களவுமாகப் பிடிபடும். இந்த வசதி நம்மூர் ஆலைகளில் எல்லோருக்கும் இல்லை. ஆனால் மீயொலிச் சோதனையும், மாதிரிகளை உடைத்து உடைப்பின் தொடக்கப் புள்ளியை மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும் வசதியும் இன்று எட்டாத தொலைவில் இல்லை. அந்தத் தொடக்கப் புள்ளியில் உட்கார்ந்திருக்கும் துகளின் வேதியியலே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். மக்னீசியம் இருந்தால் மூசையைப் பாருங்கள். சிர்கோனியம் இருந்தால் வடிகட்டியையோ வார்ப்பு ஓட்டையோ பாருங்கள். கால்சியம் இருந்தால் கசடு. டைட்டானியமும் நைட்ரஜனும் என்றால் வரிசையைப் பாருங்கள், உலையில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பம்பை நிறுத்திவிட்டு, அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று ஒவ்வொரு உருக்குக்கு முன்பும் எழுதிவைக்கும் ஆலையில் கடைசிக் கேள்விக்குப் பதில் ஏட்டிலேயே இருக்கும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வெற்றிடத்தில் உருக்கியது என்று முத்திரை குத்தி விற்கிறோம், அதைப் படித்து நம்பி வாங்குகிறோம். அந்த முத்திரை எஃகில் வாயு குறைவு என்பதற்குச் சான்று. துகள் குறைவு என்பதற்கு அது சான்றாகாது. சுமாரான சுமையை, பழைய காரையில், வரிசை தவறி உருக்கும் வெற்றிட உலையைவிட, நல்ல கசடும் பொறுமையும் உள்ள திறந்த உலையும், அதன்பின் ஒரு வாயுநீக்கமும் சுத்தமான எஃகைத் தரும். இன்றைய பால்பேரிங் எஃகில் பெரும்பகுதி அப்படித்தான் 5 பிபிஎம் ஆக்சிஜன் அளவுக்கு வந்திருக்கிறது. வெற்றிட உலை வாங்கப் போகும் நண்பர்கள் பம்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் காரைக்கும், சுமைப்பொருளுக்கும், உருக்காளரின் பயிற்சிக்கும் ஒதுக்கிவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

எஃகு வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆர்டரில் துகளின் சராசரி மதிப்பெண்ணோடு நிறுத்தாதீர்கள். எந்த மூசையில் உருக்கினீர்கள், அது எத்தனையாவது உருக்கு, டைட்டானியமும் அலுமினியமும் போடுமுன் ஆக்சிஜனும் நைட்ரஜனும் எவ்வளவு இருந்தன, கண்டதிலேயே மிகப் பெரிய துகள் எத்தனை மைக்ரான், அதன் வேதியியல் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால், எழுதிவைக்கும் பழக்கம் ஆலைகளுக்குத் தானாக வரும்.